தக்கலை வாசிப்பு கிளாஸ்: மூணு மாசம் பிள்ளைய அனுப்பிட்டு எழுதுறேன்

என் மோளு ரெண்டாங் கிளாஸ். ஜூன்ல ஸ்கூல்ல வாசிப்பு செக் பண்ணுனாங்க, சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் வர அரசு நடத்துற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை உண்டுல்லா, ரெண்டாங் கிளாஸ் பிள்ள மொட்டுல இருக்கணும், இவ அரும்புலயே நிக்கான்னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே இல்ல. மாமியார் "அவ அப்பனும் அஞ்சாங் கிளாஸ்லதான் வாசிச்சான், விடு மக்ளே"ன்னாங்க. எனக்கு விட மனசு வரல.

மொதல்ல வீட்டுப் பக்கத்துல ஒரு டியூஷன்ல சேத்தேன், அங்க தெரியாத எழுத்த பத்து பத்து தடவ எழுத சொல்லுவாங்க, அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல சாயங்காலம் நாலு மணி ஆனாலே பிள்ளைக்கு வயித்துவலி வந்துரும். நிப்பாட்டிட்டேன்.

அப்புறம்தான் தக்கலைல இந்த கிளாஸ் பத்தி கேள்விப்பட்டேன், பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்து போற தூரம், ரிட்டயர்டு ஆன ஒரு டீச்சரக்கா வீட்டுத் திண்ணைல நடத்துறாங்க. மொத நாளு அக்கா புக்க தொறக்கவே இல்ல. கண்ணு, காது ரெண்டும் டாக்டர்கிட்ட காட்டியாச்சான்னு கேட்டாங்க. காட்டல. போய் காட்டினா ஒரு காதுல அழுக்கு கெட்டியா அடைச்சு கெடந்துது, எடுத்து விட்டாங்க. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா நானா இருந்தா அத யோசிச்சிருக்கவே மாட்டேன்.

"மார்க் கொறைஞ்சா பிள்ளைக்கு அறிவு இல்லன்னு அர்த்தம் இல்ல, எங்க தட்டுதுன்னு இனிமதான் பாக்கணும்"னு அக்கா சொன்னாங்க, பாக்கவும் செஞ்சாங்க. என் மோளு அ, ஆ, க, ங எல்லாம் வரிசையா பாட்டு மாதிரி சொல்லுவா, நடுவுல ஒண்ண தொட்டு காட்டுனா முழிப்பா. அத விட பெருசு கொம்பு. 'கொக்கு'ன்னு எழுதி இருந்தா கண்ணுல மொதல்ல படுறது கொம்பு, ஆனா வாயில மொதல்ல வரவேண்டியது 'க்' சத்தம், அங்கயே பிள்ள நின்னுருவா, பொறவு பின்னால நிக்கிற கால மட்டும் பாத்துட்டு 'கா'ன்னு வாசிப்பா. இன்னொண்ணு, 'பம்பரம்'ல மொத ப-வும் ரெண்டாவது ப-வும் எழுத ஒண்ணுதான், சத்தம் வேற. நம்ம பெரியவங்களுக்கு அது தோணவே தோணாது. ஏன் ஒரே எழுத்து ரெண்டு மாதிரி கேக்குன்னு பிள்ள கேட்டதுக்கு அந்த டியூஷன்ல அடிதான் கெடச்சுதுன்னு அன்னைக்குத்தான் என்கிட்ட சொன்னா. எனக்கு கண்ணு நெறஞ்சிட்டு.

அக்கா புளியங்கொட்டைய வச்சுதான் தொடங்குனாங்க. 'மரம்'னு சொன்னா எழுத்துக்கு ஒண்ணா மூணு கொட்டை, மொத கொட்டைய எடுத்துட்டு "மிச்சம் என்ன மக்ளே?" "ரம்." ஒரு வாரம் முழுக்க இப்படி வாயும் காதும் மட்டும்தான். அதுக்கப்புறம் அட்டைல வார்த்தை, அதுவும் பிள்ள வாயில இருந்து வந்த வார்த்தை: சாளை, சக்கை, மரச்சீனி, ரப்பர். கொம்பு வர்ற எழுத்துல கொம்ப மட்டும் சிவப்பு மையில எழுதி, அதுல தொடங்காம அடுத்து நிக்கிற எழுத்துல வெரல வச்சு சொல்ல பழக்குனாங்க. வீட்டுக்கு பதினஞ்சு நிமிஷம்தான் வேலை, ஆனா தெனமும் செய்யணும். பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ் கதை எல்லாம் ஃப்ரீயா இருக்கு, நாலு லெவலா பிரிச்சிருக்காங்க, அதுல மொத லெவல் கதைய நான் ஒரு வரி, அவ ஒரு வரி.

கொறைன்னு பாத்தா, அம்மா இல்லன்னா அப்பா கூடவே ஒக்காரணும், வேலைக்குப் போறவங்களுக்கு அது பெரிய பாடு. மழைக்காலத்துல திண்ணைல சாரல் அடிக்கும், கிளாஸ் லீவு. ஒரு பேட்ச்ல ஆறு பிள்ளைங்கதான், அதனால எடம் கெடைக்க நான் ஒரு மாசம் காத்திருந்தேன். ஃபீஸ் மாசம் எண்ணூறு, எனக்கு அது அதிகமா தெரியல.

இப்போ டிசம்பர். மொட்டுக்கு இன்னும் முழுசா வரல. ஆனா போன வாரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கும்போது என் கைய பிடிச்சு இழுத்து, "கு... ல... சே..."ன்னு வெரல் ஒவ்வொண்ணா மடக்கி "குலசேகரம்! ம்மா, நம்ம பஸ்"னு கத்துனா. சே-ல கொம்பு இருக்கு, பாத்தீங்களா, அதுல நிக்கல. வாசிச்சிட்டு மூச்சு வாங்குனா.

இதுக்கு மேலயும் பிள்ளைக்கு ஏறலன்னா அரசு கல்வித்துறையோட வட்டார வள மையத்துல ஸ்பெஷல் எஜுகேட்டர் இருப்பாங்க, அங்க காட்டலாம்னு அக்காவே சொல்லி வச்சிருக்காங்க, தன்னாலதான் எல்லாம் ஆகும்னு பிடிச்சு வைக்கல, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. என் கணக்குல அஞ்சுக்கு நாலரை.

திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணி. போகும்போது ஸ்கூல்ல சொன்ன ரிசல்ட்டயும் பிள்ளையோட பழைய நோட்டயும் எடுத்துட்டு போங்க, அக்கா மொதல்ல அததான் கேப்பாங்க.