சிக்னல் செயலி: அட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

சம்பளப் பேச்சு பற்றிய எங்கள் தோட்டக் குழு இப்போது சிக்னல் என்ற செய்திச் செயலியில்தான் பேசுகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முனைக்கு முனை மறைகுறியாக்கம் வாட்ஸ்அப்பிலும் உண்டு; அதே நெறிமுறைதான். ஆனால் சிக்னலின் கையில் இருப்பது, தொலைபேசி எண்ணைத் தவிர, கணக்குத் தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. நீதிமன்றமே கேட்டாலும் கொடுக்க வேறொன்றும் இல்லை. தானாக அழியும் செய்திகள் எனக்கு மிகவும் பிடித்தவை. யாரும் படம்பிடித்து வைக்காதவரை, துரை (தோட்ட நிர்வாகி) காதுக்கு எதுவும் மிஞ்சாது.

குறை, கணக்குத் தொடங்கத் தொலைபேசி எண் கேட்பது. சிம்மோ அடையாள அட்டையோடு பதிவானது! 2024இல் வந்த பயனர்பெயர், எண்ணைப் பிறரிடமிருந்து மறைக்கிறது, அவ்வளவே. 2018 மார்ச்சில் கண்டி அருகே திகன வன்முறையின்போது இலங்கை அரசு வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியதே, அத்தகைய தடையை மறைகுறியாக்கம் தடுக்காது. அதற்கு, வேறொரு கணினி வழியாகத் தடையைச் சுற்றிச் செல்லும் ப்ராக்ஸி அமைப்பு சிக்னலில் இருக்கிறது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

சிக்னல் தன் பின் (PIN) எண்ணை, அதாவது கணக்கின் இரகசிய எண்ணை, அவ்வப்போது கேட்டு நச்சரிப்பதால் அம்மா வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிட்டார்.