ஆன்லைன் ஸ்பீச் பேத்தாலஜி மாஸ்டர்ஸ்: அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

அமெரிக்காவில் வீட்டிலிருந்தே ஸ்பீச் லாங்வேஜ் பேத்தாலஜி (பேச்சு, மொழிக் குறைபாடுகளுக்குப் பயிற்சியும் சிகிச்சையும் தரும் துறை) மாஸ்டர்ஸ் படிக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கல்லூரி என்னிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, படிக்கவும் வைத்துவிட்டு, பாதியில் கைவிரித்தது. பணத் தகராறு இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்வதற்கில்லை.

நான் இந்தியாவில் இன்ஜினியரிங் படித்தவள். வேறு துறையிலிருந்து வருபவர்கள் மாஸ்டர்ஸுக்கு முன் லெவலிங் பாடங்களை முடிக்க வேண்டும்: பேச்சு உறுப்புகளின் அமைப்பும் இயக்கமும், ஃபொனெட்டிக்ஸ், குழந்தைகளின் மொழி வளர்ச்சி, ஆடியாலஜி (செவித்திறன் இயல்) அறிமுகம் என்று ஒரு வரிசை. கூடவே கல்லூரி அளவில் பயாலஜி, ஃபிசிக்ஸ் அல்லது கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சமூக அறிவியலில் ஒன்று. பிளஸ் டூ பயாலஜி செல்லாது. இன்ஜினியரிங் மேத்ஸ் பேப்பருக்குள் ஒரு யூனிட்டாக வந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸும் செல்லாது, தனிப் பாடமாகவே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஃபொனெட்டிக்ஸ் எடுத்தவர் உண்மையிலேயே நல்ல ஆசிரியர். ஏமாற்றுபவர்கள் எல்லாவற்றிலும் ஏமாற்றுவதில்லை, அதுதான் சிக்கல்.

லெவலிங் முடித்தால் மாஸ்டர்ஸில் இடம் உறுதி, அதற்கு இப்போதே ஒரு அட்வான்ஸ் கட்டிவிடுங்கள் என்றார் போனில் பேசிய அட்மிஷன் கவுன்சிலர். அக்ரெடிட்டேஷன், அதாவது அங்கீகாரம், இருக்கிறதா என்று முதல் போனிலேயே கேட்டேன். முழுமையாக இருக்கிறது என்றார். கல்லூரிக்கு இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு அது போதாது. ஆஷா எனப்படும் அமெரிக்கன் ஸ்பீச்-லாங்வேஜ்-ஹியரிங் அசோசியேஷனின் சான்றிதழ் வேண்டுமென்றால், சிஏஏ என்ற தனிக் குழு அந்தக் குறிப்பிட்ட மாஸ்டர்ஸ் படிப்பை அங்கீகரித்திருக்க வேண்டும். புதிய படிப்பாக இருந்தால் குறைந்தது ‘கேண்டிடசி’ எனப்படும், முழு அங்கீகாரத்துக்கு முந்தைய நிலையாவது கொடுத்திருக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியவந்தது லெவலிங் முடிகிற சமயத்தில், மாஸ்டர்ஸ் மாணவர் கையேட்டின் பிடிஎஃப் கைக்கு வந்தபோது. ஒரு பக்கத்தின் அடியில், மற்ற எழுத்தில் பாதி அளவில், ‘கேண்டிடசிக்கு விண்ணப்பிக்கும் பணியில் உள்ளோம்’ என்று இருந்தது. விண்ணப்பம் போட்டுவிட்டோம் என்றுகூட இல்லை. போன் செய்தால் அதே கவுன்சிலர், நீங்கள் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும், கவலையே வேண்டாம் என்கிறார். வந்தாலும் பிரயோஜனமில்லை! மாஸ்டர்ஸ் பாடங்களையும் கிளினிக்கல் பயிற்சியையும் அங்கீகாரமோ கேண்டிடசியோ உள்ள படிப்பில் தொடங்கி, அப்படிப்பட்ட படிப்பிலேயே முடித்திருக்க வேண்டும் என்பது ஆஷாவின் விதி. நடுவில் வரும் அனுமதி முன்னால் சேர்ந்தவரைக் காப்பாற்றாது. இந்தத் துறையில் சீட் விற்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

அதே கையேட்டில் இன்னொன்றும் இருந்தது. பிராக்டிகம், அதாவது கிளினிக்கல் பயிற்சி, செய்யும் இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமாம். போனில் சொன்னது, உங்கள் ஊரிலேயே ஏற்பாடு செய்து தருவோம் என்று. இது சின்ன விஷயம் இல்லை. மொத்தம் 400 மணி நேரம் கிளினிக்கல் அனுபவம் வேண்டும், அதில் 25 மணி பார்வையிடல், 375 மணி நேரடியாக ஆட்களோடு. மேற்பார்வை செய்பவருக்கு ஆஷா சான்றிதழ், அது கிடைத்த பிறகு குறைந்தது 9 மாத அனுபவம், மேற்பார்வை பற்றிய பயிற்சி எல்லாம் இருக்க வேண்டும். குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்பையும் பார்த்திருக்கவும் வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி மருத்துவமனைக்குப் போன் செய்து எனக்கு மேற்பார்வை செய்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் மறுபடி கூப்பிடவே மாட்டார்கள். கல்லூரிக்கும் அந்த இடத்துக்கும் ஒப்பந்தம் வேறு வேண்டும்.

அடுத்து பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு, படிப்பு முடிந்த பிறகு முழுநேரமாகக் குறைந்தது 36 வாரம் ஃபெல்லோஷிப் (வழிகாட்டியின் கீழ் வேலை), மாநில லைசென்ஸ் என்று வரிசையாக இருக்கிறது. அவை தனிக் கதை.

யாராவது போனில் துரத்தினால், முதலில் சிஏஏ தளத்தில் அந்தப் படிப்பைத் தேடுங்கள். கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் திருப்திப்படாதீர்கள். கேம்பஸ் படிப்போடு ஆன்லைன் வழியும் சேர்த்து அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி பெறும் கல்லூரிகள், தங்கள் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் லைசென்ஸ் விதிகளுக்குப் பொருந்தும் என்று வெளியிட்டாக வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் மாநிலத்துக்குப் பொருந்தும் என்று தெளிவாக இல்லாவிட்டால் விலகிவிடுங்கள். பிராக்டிகம் இடத்தை யார் பிடித்துத் தருவார்கள், கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். என் கவுன்சிலர் எழுத்தில் கேட்ட எதற்கும் எழுத்தில் பதில் சொன்னதில்லை, உடனே போன்தான் வரும். எஃப்1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழு ஆன்லைன் படிப்பைக் கையிலேயே தொட வேண்டாம், விசா நிலைக்கே ஆபத்து.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகு அட்வான்ஸ் மட்டும் திரும்பி வந்தது. லெவலிங் கட்டணத்தைத் தர முடியாது, பாடம் நடத்திவிட்டோமே என்கிறார்கள். அந்த மதிப்பெண்களை இப்போது அங்கீகாரம் உள்ள வேறொரு கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆடியாலஜி தவிர மற்றவற்றை ஏற்றுக்கொண்டார்கள்.