மலைப்பாதைக்கு மூன்று பல்சக்கரம்: 48-36-26 பற்றி என் கருத்து

சுமையோடு மலைப்பாதையில் போகிற சைக்கிளில் எது முக்கியம் என்று யாராவது கேட்டால், பிரேம் என்ன உலோகம், மொத்த எடை எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இருப்பதிலேயே லேசான கியர் மிதிக்க எவ்வளவு லேசு? விலை ஏற ஏற அழகாகவும் வேகமாகவும் வருகிற பல சைக்கிள்களில் இதற்குச் சரியான பதில் இல்லை. ஆனால் பழைய ஏற்பாடு என்று பலரும் ஒதுக்கிவிட்ட முன்பக்க மூன்று பல்சக்கர செட்டில் இருக்கிறது. 48, 36, 26 பல், பின்னால் ஒன்பது அடுக்கு 11-34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, சின்னது 11 பல், பெரியது 34 பல்), 35 மில்லிமீட்டர் டயர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்தப் பல் கணக்குதான் முக்கியம்.

காலையில் முதல் ஏற்றத்திலேயே இதன் அருமை தெரிந்துவிடும். முன்னால் 26, பின்னால் 34 போட்டால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது சைக்கிள் ஏறக்குறைய 1.66 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் அந்த 6 கிலோமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. ஆள், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தில் போக ஏறக்குறைய 140 வாட் போதும், ஓரளவு பழகியவர்கள் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே தரக்கூடிய சக்தி அது. இதே ஏற்றத்தில் ரேஸ் சைக்கிள் கணக்கான முன்னால் 34, பின்னால் 28 இருந்தால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 9.5 கிலோமீட்டர் போயாக வேண்டும், அதற்கு 220 வாட் வரை வேண்டும். முடியாமல் வேகத்தை அதே 6 கிலோமீட்டருக்குக் குறைத்தால் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் மிதிக்க முடியும், ஒவ்வொரு மிதியும் முட்டியைப் பிடித்து அழுத்தும். ஒரு ஏற்றம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம், ஆனால் நெடும்பயணத்தில் அது முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, மறுநாளும் அதே முட்டியோடுதான் எழுந்து ஓட்ட வேண்டும்.

லேசான கியர் பலவீனர்களுக்கு என்ற எண்ணம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. டூர் தி பிரான்ஸ் போட்டியிலேயே 1937 வரை டெரய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற கருவி) கியருக்கு அனுமதி கிடையாது, அதற்கு முன்னால் மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்து லேசான கியருக்காகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். போட்டிக்காரர்களுக்கே அந்த நிலை என்றால், கூடாரமும் சமையல் சாமானும் கட்டிக்கொண்டு போகிற நமக்கு எதற்கு வீம்பு?

நடுப்பகல் வேறு மாதிரி. பெரிய மலையைத் தாண்டி, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிற சாலை வந்தால் பெரும்பாலும் நடுச்சக்கரமான 36-லேயே ஓடிவிடும், அதைத்தான் இந்தச் செட்டின் இரண்டாவது பெரிய பலம் என்பேன். பின்பக்க அடுக்குகளுக்கு இடையே பல் வித்தியாசம் அளவாக இருப்பதால் கால் ஒரே தாளத்தில் போகும். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் 10-52 என்று வருகிற இப்போதைய பன்னிரண்டு அடுக்கில் இந்த இதம் குறைவு, ஒரு கியர் இலேசாகப் பறக்கிறது, அடுத்தது கனக்கிறது. ஆனால் அதில் முன் டெரய்லர் என்ற தொல்லையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆமாம், தொல்லை இருக்கிறது. மூன்று சக்கரத்தில் முன்னால் கியர் மாற்றப் பொறுமை வேண்டும். ஏற்றத்தில் முழு பலத்தையும் கொடுத்து மிதித்துக்கொண்டே 36-லிருந்து 26-க்கு இறக்கினால் செயின் உள்பக்கம் விழ வாய்ப்பு உண்டு. செங்குத்து தொடங்குவதற்கு முன்பே, மிதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மாற்றிவிட வேண்டும். முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேர்த்துப் போடக்கூடாது, சின்னதும் சின்னதும் கூடாது, செயின் கோணலாக ஓடிச் சீக்கிரம் தேயும். முன் டெரய்லர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால்கூட நாள் முழுக்க உரசிக்கொண்டே வரும், அந்தச் சத்தம் மனதை ரொம்பக் கெடுக்கும்.

சாயங்கால இறக்கத்தில் 48-க்கு ஏற்றிவிட்டால் செயின் தொய்யாமல் விறைப்பாக நிற்கும், பள்ளத்தில் தூக்கிப் போட்டாலும் பிரேமில் மோதிச் சத்தம் போடாது. முன்னால் 48, பின்னால் 11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும், சுமையோடு அதற்கு மேல் மிதித்து முடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் அன்றைய கடைசி ஏற்றம். மலை வழியில் இது எப்படியோ வந்துவிடும், இரவு தங்குமிடத்துக்கு முன்னால் செங்குத்தாக ஒன்று. காலையில் 140 வாட் சாதாரணமாகத் தந்த கால் இப்போது 100-க்கே யோசிக்கும். அந்த நேரத்தில் விரலை நீட்டி 26-34-க்கு இறக்கும்போது கிடைக்கிற நிம்மதிக்காகவே நான் இந்தச் செட்டை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். இறங்கித் தள்ளினால் கனமான சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்து, கையும் இடுப்பும் நோகும், மெதுவாக மிதிப்பது எவ்வளவோ மேல்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முன்பக்க வித்தியாசம் 48-26, அதாவது 22. பின்பக்கம் 34-11, அதாவது 23. மொத்தம் 45. பின் டெரய்லர் அந்த 45 பல் அளவு செயினைத் தாங்குகிற நீளக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கிற கீழ்க் கை) வகையாக இருக்க வேண்டும், குட்டைக் கூண்டு போட்டால் சின்னச் சக்கரங்களில் செயின் தொங்கும். கேசட்டை இன்னும் பெரியதாக மாற்ற நினைத்தாலும் இதே கணக்குதான். பணம் தாராளமாக இருந்து, பராமரிப்பு அதிகம் வேண்டாம் என்பவர்களுக்குப் பின்சக்கர அச்சுக் கூட்டுக்குள்ளேயே கியர்கள் அடங்கிய ரோலாஃப் 14 கியர் ஹப் இருக்கிறது, அதன் வீச்சு (லேசான கியரைப்போலக் கனமான கியர் எத்தனை மடங்கு என்பது) 526 சதவீதம், இந்தச் செட்டில் 570 சதவீதம். விலை பல மடங்கு என்பதால் என் ஓட்டு மூன்று சக்கரத்துக்கே.

வெறும் சைக்கிளைச் சமதளத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பைகளை முழுதாகக் கட்டி, கிடைக்கிறதிலேயே செங்குத்தான மேட்டில், உட்கார்ந்தபடியே ஏற முடிகிறதா என்று பாருங்கள். எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தால் 26 பல் உள்சக்கரத்தை இன்னும் சின்னதாக்கச் சொல்லுங்கள், இந்த வகைக் கிராங்கில் (மிதிகளும் முன் பல்சக்கரங்களும் பொருந்துகிற பாகம்) போல்ட் துளைகள் 64 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தால் 22 பல் வரை பொருந்தும்.