கரு எடுப்புக்கு வால்மூட்டு ஊசியா, ஹையோசினா?

ஒரு நல்ல பசுவின் கருக்களை வேறு பசுக்களுக்குள் வைக்க, சினை ஊசி போட்ட ஏழாம் நாள் அதன் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுக்க வேண்டும். கருப்பையைப் பிடிக்க மலக்குடலுக்குள் கையை விட்டால் குடல் மணிக்கட்டை வளையம்போல் இறுக்கும், மாடு முக்கும், சாணி வந்துகொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழி. வால்மூட்டில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின், இல்லையென்றால் ரத்தக்குழாயில் குடலைத் தளர்த்தும் ஹையோசின். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் லிக்னோகெயினில் நின்றுவிட்டேன்.

ஹையோசின் போடுவது சுலபம். ஓரிரு நிமிடத்தில் குடல் ஈரத்துணி மாதிரி தொய்ந்துவிடும். சிக்கல், அது தாங்கும் நேரத்தில்தான். இருபது, முப்பது நிமிடத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். கருப்பையின் இரண்டு கிளைகளையும், அதாவது கொம்புகளையும், கழுவ எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒருமுறை, இரண்டாம் கொம்பில் பலூன் குழாயை நிறுத்தித் திரவம் ஏற்றிய நேரத்தில் பசு ஓங்கி முக்கியது. பலூன் நழுவி, திரவமெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அதோடு போன கருக்களுக்குக் கணக்கில்லை. பல நாள் ஊசி போட்டுத் தயார் செய்த பசு அது. வீட்டுக்காரர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

லிக்னோகெயின் 2 சதவீதம், 5 மில்லி போட்டால் ஒரு மணி நேரம் கவலையில்லை. வாலை மேலும் கீழும் ஆட்டினால் முதலில் அசையும் பள்ளம் விரலில் தட்டும். மயிரை மழித்து, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து ஊசியை இறக்கி, அதன் வாயில் ஒரு சொட்டு மருந்து விடுவேன். சரியான இடமென்றால் அந்தச் சொட்டு தானாக உள்ளே இழுபடும். சில நிமிடத்தில் வால் கயிறுபோல் தொங்கும். அளவில் மட்டும் கை நீளக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு பெரிய கலப்பினப் பசுவுக்கு 10 மில்லி போட்டேன். பின்னங்கால் தள்ளாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிக்னோகெயின் முக்கலைத்தான் அடக்கும், குடலின் சொந்த அலையை முழுக்க நிறுத்தாது. வளையம் இறுக்கினால் கையை அசைக்காமல் வைத்திருங்கள், அது கடந்து போகும். காற்றுப் புகுந்து குடல் முரசுத்தோல்போல் விறைத்தால், முன்னாலிருக்கும் மடிப்பை விரலால் கொக்கிபோட்டுப் பின்னால் வருடுங்கள், காற்று வெளியேறிவிடும். இந்த இரண்டிலும் ஹையோசின்தான் மேல்.

கருவைச் சுமக்கப்போகும் பசுவுக்குள் ஒரு கருவை வைக்கப் பத்து நிமிடம் போதும் என்பதால், அங்கே ஹையோசின் பொருந்தலாம். நான் நாலைந்து மாட்டில்தான் அப்படிப் போட்டிருக்கிறேன், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். நாடித்துடிப்பு ஏறும், அசைபோடுவது குறையும் என்பதால் வயிறு உப்பிய மாட்டுக்கு அதைத் தொடுவதில்லை.

"வாலு தொங்கிப்போச்சே தம்பி, ஈ எப்படி ஓட்டும்?" என்று ஒரு அம்மா கேட்டார். அன்றிலிருந்து வால் அசையும்வரை பக்கத்தில் வேப்பங்கொத்தோடு ஒரு ஆளை நிறுத்தச் சொல்கிறேன்.