நீல டிரம்முக்குக் கொடுத்த 42,000 ரூபாய்

நேற்று எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு நீல டிரம் இறங்கியது, குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்து செடிக்கு விடும் ஃபில்டர் என்று விற்கிறார்களே, அது. அதே டாட்டா ஏஸ், அதே சிரித்த முகம். ஒன்றரை வருஷமாக வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இனியும் மூடி வைப்பது தப்பு.

நாங்கள் இருப்பது தர்மபுரி, இலக்கியம்பட்டிப் பக்கம். போர் 900 அடி. சித்திரை வந்தால் அரை மணி நேரம் ஓடிவிட்டு அதிலும் காற்றுத்தான் வரும். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் அந்தத் திட்டமே இந்த மாவட்டத்துக்கு வந்தது, அந்தக் குடிநீரைப் போய்ச் செடிக்கு ஊற்ற மனசு வராது. அதனால் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் தெரிந்துதான் டிரம் விற்கிறவர் வந்தார்.

பேர் சொல்லப் போவதில்லை. "அக்கா, உங்க வீட்ல ஒரு நாளைக்கு 400 லிட்டர் வீணாப் போகுது" என்று ஆரம்பித்தார். டிரம்முக்குள் நாலு அடுக்கு: பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, ஒரு அடிக்குக் கரி, மேலே ஆற்று மணல். அங்கிருந்து சொட்டுநீர்க் குழாய். இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய ஃபில்டரில் வந்த தண்ணீர். பளிங்கு மாதிரி இருந்தது. "உப்பு, சோப்பு எல்லாம் நின்னுடும்கா, கீரைக்கே விடலாம்."

இங்கேதான் எனக்கு இன்னும் கூசுகிறது. உப்பைக் கரைத்து வடிதாளில் ஊற்றினால் உப்பும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற அறிவியல் டீச்சர் நான். டம்ளரைப் பார்த்ததும் அது மறந்துபோனது.

மாமியார் ஒரே வரிதான் சொன்னார். "குளிக்கிற தண்ணிய வாய்க்கா வெட்டி வாழைக்கு உட்டா ஆச்சு, இதுக்கு எதுக்கும்மா டிரம்மு?" எனக்குக் காதில் ஏறவில்லை.

மொத்தம் 42,000. முன்பணம் 30,000 ஜிபேயில் போட்டேன், அதுவும் வேறு யாரோ பேரில் இருந்த நம்பருக்கு. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டு வந்தது. வேலை நடந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில். திரும்பி வந்தபோது மணல் வரைக்கும் போட்டு மூடி போட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் சொட்டு ஒவ்வொன்றாக நின்றது. சமையலறைத் தொட்டிக் குழாயையும் நேராக அதிலேயே சேர்த்திருக்கிறார். எண்ணெயையும் பருக்கையையும் பிடித்து நிறுத்த நடுவில் ஒரு சின்னத் தொட்டிகூடக் கட்டவில்லை. அடைத்துக்கொண்ட தண்ணீர் டிரம்மிலேயே தேங்கி அழுகின முட்டை நாற்றம். போன் செய்தால் "பவுடர் போடணும்கா" என்றார். பாக்கெட் 450 ரூபாய். மூன்று மாசம் வாங்கினேன்.

அதற்குள் மண் போய்விட்டது. மேலே வெள்ளையாகப் பொரிந்து, ஊற்றின தண்ணீர் இறங்காமல் நின்றது. எலுமிச்சை இலை ஓரம் கருகியது. கீரை முளைக்கவே இல்லை. மண் பரிசோதனையில் பி.எச். 8.8, அதாவது மண்ணில் காரம் ஏறிவிட்டது. சலவைத் தூளில் சோடா உப்பு உண்டு. அதிலிருக்கிற சோடியம் களிமண்ணில் சேரச் சேர மண் துகள் பிரிந்து துவாரங்களை அடைத்துவிடும். கரைந்த உப்பை மணலும் கரியும் பிடிக்காது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்துப் பார்த்தேன். உள்ளே போவது 1,640, வெளியே வருவது 1,650.

கூடிப்போயிருந்ததுதான் உறுத்தியது. கொத்தனார் தம்பியைக் கூப்பிட்டு டிரம்மைக் கவிழ்த்தோம். மேலே நாலு விரற்கடை மணல். அதற்குக் கீழே ஜல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கேயோ இடித்த வீட்டுச் சுவர்! சிமெண்ட் பூச்சுக் கட்டிகள், ஒரு பக்கம் மஞ்சள் டிஸ்டெம்பர் அப்படியே இருந்தது. ரோஜாப்பூ போட்ட பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒன்று. கரி என்று ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கைப்பிடி. ஏற்கெனவே காரத் தண்ணீர், அதைச் சிமெண்டில் வேறு ஊற வைத்துச் செடிக்கு விட்டிருக்கிறேன். போட்டோ அனுப்பினேன். "சைட்ல இருக்கேன்கா, அப்புறம் பேசறேன்." அதோடு சரி.

இப்போது மாமியார் சொன்ன வாய்க்கால்தான். வெட்டுக்கூலி 700 ரூபாய். குளியல் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகிறது, அன்றன்றைக்கு மண்ணில் இறங்கிவிட வேண்டும், பிடித்து வைப்பது கிடையாது. வாஷிங் மெஷின் குழாயில் ஒரு வால்வு போட்டு, சோப்பும் பிளீச்சிங்கும் அதிகமான முதல் தண்ணீரைச் சாக்கடைக்கே திருப்பிவிடுகிறேன். கீரைக்கும் முள்ளங்கிக்கும் இந்தத் தண்ணீர் கிடையாது. கெட்டுப்போன பாத்திக்கு, சோடியத்தை விரட்ட ஜிப்சம் போட்டு மழைக்காகக் காத்திருக்கிறோம்.

யாராவது ஃபில்டர் போட்டே ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு அடுக்கும் உங்கள் கண் முன்னால் விழட்டும். உப்பு போய்விடும் என்று சொன்னால் அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். பில் இல்லாமல் பணம் வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது. ஜிபே ரசீது, போட்டோ எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலை அந்த நாலாவது வீட்டு அக்காவிடம் போனேன். மணல் போட்டு முடித்துவிட்டார்களாம், மீதிப் பணம் சாயங்காலமாம். கையை விட்டுக் கிளறிப் பாருங்கக்கா என்றேன். நாலு விரற்கடைக்குக் கீழே அவர் கையில் வந்தது பச்சை டிஸ்டெம்பர்.