மாம்பழம், தீப்பெட்டி, ஆணிமணி, அட்டை: கழித்தலுக்கு எது தாங்கும்?

பல்லுறுப்புக்கோவைக் கூட்டலுக்கு எந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு போனாலும் பாடம் ஓடிவிடும். கழித்தல் வரும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால் நான் வகுப்பில் வைத்துப் பார்த்த நாலு மாதிரிகளையும் ஒரே கணக்கில் சோதித்துவிடலாம்:

(3க² − 2க + 4) − (க² + 3க − 5)

பாடநூலில் எக்ஸ் என்று வரும் மாறியை இங்கே 'க' என்று எழுதியிருக்கிறேன். விடை 2க² − 5க + 9. நோட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது 2க² + க − 1. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி முதல் உறுப்பை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறது. இந்தத் தவற்றைத் திருத்துகிற மாதிரிதான் எனக்கு வேண்டும்.

முதலில் பழக்கூடை. 3 மாம்பழமும் 2 மாம்பழமும் சேர்ந்தால் 5 மாம்பழம், மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் சேர்க்க முடியாது. ஒத்த உறுப்புகளைப் பிரிக்க ஐந்து நிமிடம் உதவும், அதோடு சரி. மாறி என்பது ஓர் எண். பழக்கூடையில் அது பழமாகவே உட்கார்ந்துவிடும். அப்புறம் க² என்றால் மாம்பழத்தை மாம்பழத்தால் பெருக்குவதா? "மைனஸ் மாம்பழம்னா அழுகினதா டீச்சர்?" என்று ஒரு வாண்டு கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பதிலும் இல்லை. நம் கணக்கில் இந்த மாதிரி முதல் உறுப்பிலேயே விழுந்துவிடுகிறது.

தீப்பெட்டி இதைவிட எவ்வளவோ மேல். மூடிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் புளியங்கொட்டை. எத்தனை என்று யாருக்கும் சொல்வதில்லை. வெளியே கிடக்கும் கொட்டைகள் மாறிலி. 2 பெட்டியும் 3 கொட்டையும் என்றால் 2க + 3. கடைசியில் பெட்டியைத் திறந்து எண்ணும்போது, 'க' என்பது மறைந்திருக்கும் எண் என்பது தானாகப் புரிந்துவிடும். மாறியை அறிமுகப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் க² வேண்டுமென்றால், ஒரு பெட்டியில் எத்தனை கொட்டையோ அத்தனை பெட்டிகளைக் கட்டாகக் கட்ட வேண்டும். குறை எண்ணுக்குக் கடன்சீட்டு எழுத வேண்டும். கணக்கைவிடக் கடையை நடத்துவதே பெரிய வேலையாகிவிடும்.

அடுத்து, இடமதிப்பு. க-வுக்கு 10 போட்டால் 3க² + 2க + 4 என்பது 324. ஆணிமணிச் சட்டத்தில் வைத்துக் காட்டலாம். ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் சோல்டான் டீன்ஸ் (1916–2014) இதையே ஒரு படி மேலே கொண்டுபோனவர். பத்துப் பத்தாகக் கட்டி எண்ணும் பத்தடிமானத்தோடு நிற்காமல் மூன்று, நான்கு, ஐந்து அடிமானங்களுக்கும் கட்டைகள் செய்தார். அலகு, கோல், பலகை என்ற வடிவங்கள் அப்படியே இருக்கும், எண் மட்டும் மாறும். மாறி என்றால் என்ன என்பதை மரக்கட்டையில் காட்டிய வேலை அது. ஆனாலும் நம் கணக்குக்கு உதவாது: ஆணியில் −2 மணி கோக்க முடியாது. இன்னொரு வினையும் உண்டு. 7க + 5க வந்ததும், பழக்கதோஷத்தில் 2க எழுதிவிட்டு ஒன்றைப் பக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். இங்கே மீதி கொண்டுபோவதும் இல்லை, கடன் வாங்குவதும் இல்லை.

கடைசியாக அட்டை. அல்ஜீப்ரா டைல்ஸ் என்று கடையில் விற்பதுதான், சார்ட் அட்டையில் நாமே வெட்டிக்கொள்ளலாம். 2 செ.மீ. சதுரம் ஓர் அலகு. 2 செ.மீ. அகலத்தில் நீளக் கோல் ஒன்று, அது க. அந்த நீளத்தையே பக்கமாகக் கொண்ட பெரிய சதுரம் க². ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. சிவப்பு குறை எண். (263-இல் உரை எழுதிய சீனக் கணித அறிஞர் லியூ ஹுய் இதற்கு நேர்மாறு: சிவப்புக் குச்சி மிகை, கறுப்புக் குச்சி குறை.)

வெட்டும்போது ஒரு விஷயம். முதல் தடவை கோலை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். பிள்ளைகள் ஐந்து அலகுகளைப் பக்கத்தில் அடுக்கிப் பார்த்துவிட்டு, க = 5 என்று எழுதிவிட்டார்கள். இப்போது 5 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டத்தை நூலால் அளந்து கோல் வெட்டுகிறேன். ஏறக்குறைய 7.07 செ.மீ. அலகுகளை எப்படி அடுக்கினாலும் நுனி ஒட்டாது.

இனி நம் கணக்கு. 3 பச்சைச் சதுரம், 2 சிவப்புக் கோல், 4 பச்சை அலகு. இதிலிருந்து 3 பச்சைக் கோலை எடுக்க வேண்டும், ஆனால் இல்லை. ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூஜ்ஜியம், அதனால் மூன்று ஜோடிக் கோல்களைச் சேர்த்துவிட்டுப் பச்சையை எடுத்தால் 5 சிவப்பு. அதேபோல 5 ஜோடி அலகுகளைச் சேர்த்துச் சிவப்பை எடுத்தால் 9 பச்சை. இது காரணம் புரிய. வேகத்துக்கு வேறு வழி: கழிக்க வேண்டிய கோவையைத் தனியாக அடுக்கி, மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டுக் கூட்டுங்கள். ஓர் அட்டையைக் கவிழ்க்காமல் விட்டால் பக்கத்துப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுவாள். நான் தேடிய மருந்து இதுதான். க-வுக்கு 10 போட்டுச் சரிபார்க்கலாம்: 284 − 125 = 159. தவறான விடை 209 காட்டும்.

திரையில் நகர்த்தும் அட்டைகளும் உண்டு. பெரிய வகுப்புக்குக் காட்ட நல்லது, ஆனால் கவிழ்ப்பதைக் கை செய்யாமல் மென்பொருள் செய்துவிடுகிறது.

அட்டைக்கும் எல்லை உண்டு. க³ வந்ததும் தட்டையான அட்டை தீர்ந்துபோகும். 628-இல் பிரம்மகுப்தர், தெரியாத எண், அதன் வர்க்கம், கனம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே விதி சொல்லிவிட்டார்: ஒத்தவற்றைக் கூட்டு, கழி, ஒவ்வாதவற்றைத் தனியே வை. அந்தக் கட்டத்தில் நான் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, நோட்டில் நிரல் பிரித்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வைக்கிறேன். போன வாரம் அப்படி எழுதும்போது, கழித்தல் குறியும் அடைப்புக்குறியும் வந்த இடத்தில், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பேனாவை வைத்துவிட்டு வெறும் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டான்.