அன்னபேதியா, செலேட் இரும்பா? போர் தண்ணி வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கு நான் எடுத்த முடிவு

புளியங்குடிப் பக்கமிருந்து வாங்கி வந்த எலுமிச்சைக் கன்று, இரண்டாம் வருஷம் சித்திரையில் மஞ்சளடிக்க ஆரம்பித்தது. முதலில் நுனித் தளிர்கள்தான் வெளிறின. நரம்பு மட்டும் பச்சை, இடையில் உள்ளதெல்லாம் பழுத்த எலுமிச்சைத் தோல் நிறம். மீன் முள்ளை இலைமேல் வரைந்து வைத்தது மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் அந்த வெளிறிய இலைகளிலேயே காப்பித்தூள் நிறத்தில் புள்ளிகளும் விழுந்தன.

நாலு இலையைப் பறித்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். "இலைப்புள்ளிதான்க்கா, மருந்தடிச்சா சரியாப் போகும்" என்று காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்து ஒரு பாக்கெட், கூடவே சத்துக்கு என்று 'ஆல் 19' ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். செடி இன்னும் வெளுத்தது. வெளுக்கத்தான் செய்யும் என்று பிற்பாடு புரிந்தது. செடிக்கு உண்மையில் இருந்தது இரும்புக் குறை. 'ஆல் 19'-இல் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் தலா 19 சதவீதம். தொட்டி மண்ணில் மணிச்சத்து மிஞ்சினால் அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு சேரச் சேர, வேர் இரும்பை எடுப்பதும் குறையும். குறை எதுவோ அதையே நான் கூட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்படியானால் அந்தப் புள்ளி? அதைக் கண்டுபிடிக்க ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். ஐந்தாறு புள்ளிகளைச் சுற்றி, ஓரத்தை ஒட்டி மெல்லமாக வட்டம் போட்டு வைத்தேன். பூஞ்சாணமோ பாக்டீரியாவோ என்றால் புள்ளி வளர்ந்து வட்டத்தைத் தாண்டும், பக்கத்திலும் புதிதாக வரும். பத்து நாள் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், மேற்கு வெயில் படுகிற பக்கத்து இலைகளில் மட்டும்தான் புள்ளி. பச்சையம் குறைந்த இலை வெயிலைத் தாங்காமல் கருகியிருக்கிறது. பாளையங்கோட்டையில் மத்தியான வெயில் என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சளைப் பொறுத்தவரை, அது எங்கே தொடங்குகிறது என்பதுதான் பேச்சு. அடி இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. அடி இலையில் காம்புப் பக்கம் மட்டும் ஈட்டி முனை மாதிரி பச்சை மிஞ்சியிருந்தால் மக்னீசியம் போதவில்லை, அதற்கு எப்சம் உப்பு கேட்கும். அடி இலையின் ஓரம் தீய்ந்தால் சாம்பல்சத்து. இந்த மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால் இரும்புக் குறை எப்போதும் தளிரில்தான் தெரியும். வேர் நீரில் ஊறிக் கிடந்தாலும் இதே அடையாளம் வரும் என்பதால், தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் குழப்பியது மண்தான். தொட்டிக் கலவையில் திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் சேர்த்திருந்தேன். தேரி மண் அப்படிச் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். இரும்பிலேயே நட்டு வைத்த செடிக்கு இரும்புக் குறை எப்படி வரும்? பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லிப் புலம்பியபோது, "ஏளா, பருப்பு வேகாத தண்ணிய ஊத்துனா அது எங்க செமிக்கும்?" என்றார்கள். விஷயம் அதுதான். எங்கள் மாடிக் குழாயில் வருவது போர் தண்ணி. நாக்கில் வைத்தால் கரிக்காது, ஆனால் வாளியில் வெள்ளையாகப் படியும். மண் தொட்டியின் விளிம்பிலும் அதே வெள்ளைப் பொருக்கு. அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். 'சுர்'ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு. தொட்டியின் அடியில் வடிந்த தண்ணீரைக் காரஅமிலத் தாளில் (pH தாள்) தொட்டுப் பார்த்தால் 8-ஐ ஒட்டிய நிறம். 7-ஐத் தாண்டினால் மண்ணில் உள்ள இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடும். தொட்டியில் இருக்கும், வேருக்குக் கிடைக்காது.

சரி, மருந்துக்கு வருவோம். துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். துரு என்பதே கரையாத இரும்பு, தேரி மண்ணில் இருப்பதும் அதுதான்.

அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், மலிவு, எந்த உரக்கடையிலும் கிடைக்கும், அதில் ஏறக்குறைய 20 சதவீதம் இரும்பு. வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். மஞ்சளும் பழுப்புமாக மாறிய சரக்கு ஏற்கெனவே துருவாகிப்போனது, விட்டுவிடுங்கள். இதை நான் முதலில் மண்ணில்தான் ஊற்றினேன். மூன்றே நாளில் மேல்மண் செங்கல் நிறத்தில் பக்குக் கட்டியது, செடியில் மாற்றமே இல்லை. சுண்ணாம்புத் தண்ணி ஊற்றும் தொட்டி மண்ணில் அன்னபேதி போடுவது வீண்.

இலையில் தெளித்தால் வேலை செய்கிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், ஆற்றுத் தண்ணியில் கரைத்துச் சாயங்காலம் அடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் இலை பச்சை திரும்பியது. ஆனால் எப்படித் திரும்பியது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். துளி விழுந்த இடம் மட்டும் பச்சைப் பொட்டு, விழாத இடம் அதே மஞ்சள். புள்ளிமான் தோல் மாதிரி ஓர் இலை. அடுத்து வந்த தளிர் மறுபடியும் மஞ்சளாகவே வந்தது, ஏனென்றால் தெளித்த இலையைவிட்டு இரும்பு நகராது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தளிருக்கும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாடித் தரையிலும் கொடியில் காய்ந்த வேட்டியிலும் விழுந்த துருக்கறை இன்னும் போகவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த 'மறுபடியும் மறுபடியும்'தான். விலை இரண்டாம்பட்சம். ஒரு தடவை போட்டால் எத்தனை நாள் தாங்கும்? அங்கேதான் செலேட் இரும்பு வருகிறது. இரும்பைச் சுற்றி ஒரு கரிமச் சேர்மம் இடுக்கி மாதிரி பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பிடம் சிக்காமல் வேர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் எல்லா இடுக்கியும் ஒன்றில்லை, கடையில் ஏமாறுவதும் இங்கேதான். சாதாரணமாகக் கிடைப்பது இ.டி.டி.ஏ. இரும்பு, மஞ்சள் கலந்த தூள். காரஅமிலநிலை 6.5-ஐத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்து, இரும்பை விட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சேராமல் தொட்டி மண் 6.5-க்குள் நிற்கிற வீடுகளுக்கு அது போதும். எங்கள் மாதிரி வீட்டுக்கு வேண்டியது இ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பு, 9 வரை பிடி விடாது.

இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அதனால் பெயரை நம்பாமல் பாக்கெட்டில் எண்ணைப் பாருங்கள். இரும்பு 12 சதவீதம் என்றிருந்தால் முதலாவது, 6 சதவீதம் என்றிருந்தால் இரண்டாவது. "12 இருக்கும்போது 6 எதுக்குக்கா?" என்று கடையில் கேட்பார்கள். நமக்கு வேண்டியது 6-தான். கரும்பழுப்புக் குருணையாக இருக்கும், தண்ணீரில் போட்டால் நாவற்பழச் சாறு மாதிரி சிவந்து கரையும்.

நான் போட்டது 12 அங்குலத் தொட்டிக்கு 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில், வெயில் தாழ்ந்த பிறகு, மண்ணில் மட்டும். வெளிச்சம் பட்டால் செலேட் சிதையும், அதனால் ஊற்றியதும் மேலே காய்ந்த சருகைப் பரப்பிவிட்டேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் விட்ட தளிர் முழுப் பச்சையாக வந்தது, நரம்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தளிரும் அப்படியே. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் லேசாக வெளிறல் எட்டிப் பார்த்தது, இன்னொரு 2 கிராம் போட்டேன். கிராம் கணக்கில் பார்த்தால் அன்னபேதியைவிடப் பல மடங்கு விலைதான். ஆனால் பத்துத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 20 கிராம்தானே ஆகிறது. தெளிப்பானும் வேண்டாம், கறையும் இல்லை.

எலுமிச்சையிலும் செம்பருத்தியிலும் இரண்டு வருஷம் பார்த்ததை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பிச்சியில் ஒரே ஒரு தடவை போட்டேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதே வாரம் மழையும் பெய்ததால், பச்சை எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். அன்னபேதியையும் நான் தூக்கி எறியவில்லை. தளிர் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிப்போன செடிக்கு, செலேட் வேலை செய்யும்வரை ஒரு தடவை இலையில் தெளித்துவிடுவேன்.

பேனா வட்டத்தைத் தாண்டுகிற நிஜப் புள்ளிக்கு மருந்து வேறு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் எலுமிச்சை இலையில் சொரசொரப்பாக மேலெழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு வருவது சொறி நோய். அது பாக்டீரியா. இலைத்துளைப்பான் புழு கோலம் போட்ட இலைகளில் சுலபமாக நுழையும். அதற்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு சரியான மருந்து, லிட்டருக்கு 3 கிராம். கறிவேப்பிலையில் புள்ளி வந்தால் நான் அந்தச் செம்பு மருந்தைத் தொடுவதில்லை. காலையில் பறித்து அப்படியே தாளிதத்தில் போடுகிற இலை அது. புள்ளி விழுந்த கொத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கிறேன். அது வருமுன் காப்பதில்தான் கெட்டி, முற்றிய நோயை விரட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. செம்பு மருந்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், சூடோமோனாஸும் உயிருள்ள பாக்டீரியா, செத்துப்போகும்.

இப்போது மாடியில் இரண்டு டிரம் வைத்திருக்கிறேன். தாமிரபரணித் தண்ணி குழாயில் வருகிற நாளில் வீட்டுத் தேவை போக மிஞ்சியது ஒன்றில். மழைக்காலத்தில் கூரைத் தண்ணி இன்னொன்றில். மாதம் இரண்டு தடவை, அடி ஓட்டை வழியாக நன்றாக வடிகிறவரை அந்தத் தண்ணியை ஊற்றித் தொட்டியைக் கழுவிவிடுகிறேன். போன கார்த்திகை மழைக்குப் பிறகு தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு பாதியாகக் குறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டுவந்த செலேட்டை, ஐந்தாவது மாதம்தான் திரும்பப் போட வேண்டி வந்தது.